மெதுவாகப் போகும் ரோலர் ஏன் கவிழ்கிறது? கனரக ரோலரின் இயக்கமும் பராமரிப்பும்

சாலைப் பணியில் ரோலர் கவிழ்ந்து அதை ஓட்டியவர் இறந்தார் என்று செய்தி வரும்போது படிப்பவருக்கு முதலில் குழப்பம்தான் வருகிறது. வேலை செய்யும்போது ரோலரின் வேகம் மணிக்கு 3 முதல் 6 கிலோமீட்டர்தான். வேகமாக நடக்கும் ஒருவர் அதை முந்திவிடலாம். அது எப்படிக் கவிழும்? கவிழ ஆரம்பித்தாலும் குதித்துத் தப்பிக்க முடியாதா? பின்னால் நின்றவர் அது வருவதைப் பார்க்கவில்லையா?

மூன்று கேள்விகளுக்கும் பதில் அந்த இயந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அதைப் படிப்படியாகப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு ஓட்டுநரின் பொறுப்பு, பராமரிப்பு மெக்கானிக்கின் பொறுப்பு என்று பிரித்துப் பேசுவது பல வண்டிகளுக்குப் பொருந்தலாம். ரோலருக்குப் பொருந்தாது. இன்றைய ரோலர்களில் வண்டியை நகர்த்தும் அதே ஹைட்ராலிக் ஆயில்தான் வண்டியை நிறுத்தவும் செய்கிறது.

## ரோலர் செய்யும் வேலை

கொட்டி வைத்த மண்ணிலும் ஜல்லியிலும் இடையிடையே காற்று நிறைந்திருக்கும். அந்தக் காற்றை வெளியேற்றி, துகள்களை நெருக்கமாக உட்கார வைப்பதுதான் இறுக்குதல். இதைச் சரியாகச் செய்யாமல் மேலே சாலை போட்டால், பின்னால் வாகனங்களின் எடை அந்த வேலையைச் செய்யும். சாலை பள்ளம் பள்ளமாக இறங்கிவிடும்.

இதற்கு முக்கியமாக நான்கு வகை ரோலர்கள் இருக்கின்றன:

1. ஸ்டேட்டிக் ரோலர். அதிர்வு கிடையாது, எடை மட்டுமே வேலை செய்யும். மூன்று இரும்புச் சக்கரங்கள் கொண்ட பழைய ரோலர் இந்த வகை. பெரும்பாலும் 8 முதல் 10 டன் எடை இருக்கும்.
2. மண் ரோலர். முன்னால் ஒரு இரும்பு டிரம், பின்னால் இரண்டு பெரிய டயர்கள். 10, 12 டன் என்பது சாதாரணம். களிமண்ணுக்கு டிரம்மில் குமிழ் குமிழாகக் கால்கள் வைத்த வகையும் உண்டு.
3. டேண்டம் ரோலர். முன்னும் பின்னும் வழவழப்பான டிரம். தார்ச் சாலைக்கு.
4. டயர் ரோலர். வரிசையாகப் பல ரப்பர் டயர்கள் தார்ப் பரப்பைப் பிசைந்து இறுக்கும்.

அதிர்வு ரோலரின் டிரம்முக்குள் ஒரு தண்டு சுழல்கிறது. அதன் எடை மையத்தில் இல்லாமல் ஒரு பக்கமாக இருக்கும். தண்டு சுழலச் சுழல, டிரம் தரையை அடித்துக்கொண்டே போகும். மண் ரோலரில் விநாடிக்குச் சுமார் 30 அடிகள் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். வண்டி மணிக்கு 3.6 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு ஒரு மீட்டர் போனால், ஒரு மீட்டருக்கு 30 அடிகள். ஏறக்குறைய 3 சென்டிமீட்டருக்கு ஒன்று. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் அந்த இடைவெளியும் இரண்டு மடங்காகி, மண் சரியாக இறுகாது. ரோலர் மெதுவாகப் போக வேண்டியதற்குக் காரணம் இதுதான். சீக்கிரம் முடித்துவிடு என்று மேலாளர் அவசரப்படுத்தினால், ஆபத்தோடு சேர்த்து மோசமான சாலையும் கிடைக்கும்.

## கவிழ்வது எப்படி

ரோலரின் வேலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாலைக்காக உயர்த்திப் போடும் மண் கரையின் நடுப்பகுதி நாலாபுறமும் மண்ணால் தாங்கப்பட்டிருக்கும். விளிம்புக்கு வெளிப்பக்கம் எந்தத் தாங்கலும் இல்லை. அதனால் அங்கேதான் மண் மிகவும் தளர்வாக இருக்கும். தளர்வாக இருப்பதாலேயே அதை இறுக்க வேண்டும். இறுக்க வேண்டுமானால் ரோலர் அங்கே போயாக வேண்டும். பத்து டன் எடையைத் தாங்க முடியாத இடத்துக்கே பத்து டன் வண்டியை ஓட்டிக்கொண்டு போவதுதான் இந்தத் தொழில்.

விளிம்பு மண் டிரம்மின் வெளி முனைக்கு அடியில் கொஞ்சம் இறங்குகிறது. இறங்கியதும் எடை அந்தப் பக்கம் கூடுகிறது. எடை கூடியதும் மண் இன்னும் இறங்குகிறது. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகும் இந்தச் சுழற்சியில் வண்டியின் முன்வேகத்துக்குப் பெரிய பங்கே இல்லை. வண்டி ஊர்ந்துகொண்டிருந்தாலும் சாயும்போது வேகமாகத்தான் சாயும்.

இதோடு இன்னும் இரண்டு காரணங்கள் சேர்ந்துகொள்ளும். முதலாவது, நடு மூட்டு. பெரும்பாலான ரோலர்கள் காரைப் போலச் சக்கரத்தைத் திருப்புவதில்லை. வண்டியே நடுவில் மடங்கித் திரும்பும். மடங்கும்போது எடை மையம் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். நேராக நின்றபோது நிலைத்திருந்த அதே சரிவில், மடங்கியதும் வண்டி சாய்ந்துவிடலாம். இரண்டாவது, அதிர்வு. ஈரக் களிமண்ணிலோ கல் பரப்பிலோ வழவழப்பான இரும்பு டிரம்முக்குப் பிடிமானம் ஏற்கெனவே குறைவு. அதிர்வைப் போட்டால் இன்னும் குறையும். பக்கச் சரிவில் அதிர்வோடு ஓட்டினால் வண்டி மெல்ல மெல்லக் கீழ்ப்பக்கமாக வழுக்கி இறங்கும். முன்னால் பார்த்து ஓட்டுகிறவருக்கு அது உடனே தெரியாது.

விளிம்பிலும் சரிவிலும் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. டிரம்மின் அகலத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே இறுகிய தரையில் இருக்க வேண்டும். மீதி ஒரு பங்கு மட்டும் தளர்ந்த பகுதிக்கு மேல் போகலாம். விளிம்பை ஒரே ஓட்டத்தில் முடிக்கப் பார்க்காமல், உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர வேண்டும்.
2. முடிந்த இடத்தில் கரையைத் தேவையைவிடச் சற்று அகலமாக நிரப்பி இறுக்கிவிட்டு, அப்புறம் அதிகப்படி மண்ணைச் சீவி எடுத்துவிடலாம். ரோலர் உண்மையான விளிம்புக்குப் போகவே தேவையில்லை. இதை முடிவு செய்ய வேண்டியவர் பொறியாளர். ஓட்டுநரின் துணிச்சலை நம்பி விடக்கூடாது.
3. சரிவில் நேராக ஏற வேண்டும், நேராக இறங்க வேண்டும். குறுக்காக ஓட்டக்கூடாது.
4. விளிம்புக்கு அருகில் வண்டியை முழுதாக மடக்கித் திருப்பக்கூடாது.
5. மழை பெய்தால் நேற்றைய விளிம்பு இன்று வேறு விளிம்பு. இறங்கி நடந்து பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். பக்கத்தில் குழாய்க்காகத் தோண்டி மூடிய பள்ளம் இருந்தாலும் அப்படியே.

## குதிக்கலாமா?

கூடாது. ரோலர் விபத்துகளைப் பற்றிய தவறான எண்ணங்களில் மிக மோசமானது இதுதான்.

வண்டி சாயும்போது உடலும் அந்தப் பக்கமே சரியும். கால் ஊன்றிக் குதிக்கிறவர் பெரும்பாலும் வண்டி விழப்போகும் பக்கத்தில்தான் விழுவார். அடுத்த கணமே வண்டியும் அங்கே விழும். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, அல்லது பின்னால், தடித்த இரும்புச் சட்டம் ஒன்று இருக்கும். வெயிலுக்கும் மழைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கவிழ்வுக் காப்புச் சட்டம், சுருக்கமாக ரோப்ஸ். வண்டி உருண்டாலும் இருக்கையைச் சுற்றி ஒருவர் உயிரோடிருக்கும் அளவுக்கு இடம் நசுங்காமல் இருக்கும்படி அதைச் சோதித்துத் தயாரிக்கிறார்கள். இதற்கு ஐஎஸ்ஓ 3471 என்ற சர்வதேசத் தர விதி இருக்கிறது.

அந்த இடத்துக்குள் ஆள் இருந்தால்தான் சட்டத்தால் பயன். அவரை அங்கே பிடித்து வைப்பது சீட் பெல்ட். பெல்ட் போடாதவர் தூக்கி எறியப்பட்டு, தன்னைக் காப்பாற்ற வைத்த அதே சட்டத்துக்கு அடியில் சிக்க நேரிடும். மெதுவாகப் போகிற வண்டிக்கு எதற்குப் பெல்ட் என்று கேட்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். பெல்ட் இங்கே மோதலுக்காக வைக்கப்படவில்லை. கவிழ்வதற்காக வைக்கப்பட்டது.

சட்டத்தில் துளை போடுவது, கொக்கி வைத்து வெல்டிங் செய்வது, வளைந்ததைத் தட்டி நேராக்குவது எல்லாமே அதன் வலிமையைக் கெடுக்கும். ஒருமுறை கவிழ்ந்த வண்டியின் சட்டம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உற்பத்தியாளர் சொல்கிறபடி மாற்றிவிட வேண்டும். ரோப்ஸே இல்லாத பழைய ரோலரைச் சமதரையில் வைத்துக்கொள்ளுங்கள். கரைக்கும் சரிவுக்கும் அனுப்பாதீர்கள்.

## பிரேக் எங்கே இருக்கிறது?

காரில் பெடலை மிதித்தால் பட்டைகள் சக்கரத்தைப் பிடிக்கின்றன. பெரும்பாலான நவீன ரோலர்களில் அன்றாட வேலைக்கு அப்படி ஒரு பெடலைத் தேட வேண்டியதில்லை. என்ஜின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் ஆயிலை அழுத்தத்தோடு ஹோஸ்கள் வழியே மோட்டாருக்கு அனுப்புகிறது. மோட்டார் டிரம்மையும் சக்கரத்தையும் சுழற்றுகிறது. ஓட்டுநர் கையில் இருப்பது முன்னும் பின்னும் தள்ளும் ஒரு லீவர். அதை நடுவுக்குக் கொண்டுவந்தால் பம்ப் ஆயில் அனுப்புவதை நிறுத்தும். ஆயில் நகராவிட்டால் மோட்டார் சுழலாது. மோட்டார் சுழலாவிட்டால் வண்டி நிற்கும்.

இதற்கு மேல் பார்க்கிங் பிரேக் இருக்கிறது. அதன் தட்டுகளை வலுவான ஸ்பிரிங்குகள் எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். ஆயில் அழுத்தம் வந்தால்தான் அவை விடுபடும். அழுத்தம் போனால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. சரி, இந்த ஏற்பாடு எப்போது கைவிடும்? முக்கியமான ஹோஸ் ஒன்று சரிவில் வெடிக்கிறது. லீவரால் நிறுத்தும் வசதி அந்த நொடியே போய்விடுகிறது. மிச்சம் இருப்பது ஸ்பிரிங் பிரேக் மட்டும். அதன் தட்டுகளும் தேய்ந்துபோயிருந்தால் வண்டியைப் பிடிக்க வேறு எதுவும் இல்லை.

எண்ணிக்கையில் பார்த்தால் இது எவ்வளவு சீக்கிரம் கைமீறும் என்று புரியும். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் நிற்கும் 10 டன் ரோலரைக் கீழே இழுக்கும் விசை, ஏறக்குறைய ஒரு டன் எடைக்குச் சமம். தடுக்க எதுவும் இல்லாவிட்டால் 5 விநாடியில் மணிக்கு 18 கிலோமீட்டர் வரை வேகம் கூடலாம். தரையின் உராய்வு அதில் கொஞ்சம் குறைக்கும். ஆனாலும் வழியில் குனிந்து வேலை செய்பவர் நிமிர்ந்து பார்த்து விலகுவதற்கு அந்த நேரம் போதாது.

பழைய கியர், கிளட்ச் ரோலர்களில் ஆபத்து வேறு மாதிரி வரும். இறக்கத்தில் கிளட்சை மிதித்தாலோ நியூட்ரலுக்குப் போனாலோ என்ஜினின் பிடி விட்டுப்போகும். மீண்டும் கியர் விழுவது கடினம். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில், இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுக்கொண்டு இறங்க வேண்டும்.

தினமும் வேலைக்கு முன்னால், ஆளில்லாத சமதரையில் செய்ய வேண்டிய சோதனைகள்:

1. பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டு, லீவரை மெல்ல முன்னால் தள்ளிப் பார்க்க வேண்டும். பின்பு பின்னால். வண்டி அசையக்கூடாது. சில மாடல்களில் இந்தச் சோதனைக்குத் தனிப் பொத்தான் இருக்கும்.
2. மிக மெதுவாக ஓட்டிக்கொண்டே, ஸ்டியரிங்கைப் பிடித்து உடலை ஊன்றிக்கொண்டு, எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்த வேண்டும். வண்டி வெடுக்கென்று நின்றாக வேண்டும். பெரும்பாலான மாடல்களில் என்ஜினும் அணையும். இதை அன்றாடப் பிரேக்காகப் பயன்படுத்தினால் தட்டுகள் சீக்கிரம் தேய்ந்துவிடும்.
3. லீவர் நடுவில் இல்லாதபோது என்ஜின் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். ஆகக்கூடாது. ஸ்டார்ட் ஆகிவிட்டால், யாரோ அந்தப் பாதுகாப்பு சுவிட்சை ஒயர் போட்டு நேரடியாக இணைத்திருக்கலாம், அல்லது சுவிட்ச் பழுதாகியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்த வண்டி அன்று வேலைக்குப் போகக்கூடாது.

## பின்னால் நிற்பவர் ஏன் தெரிவதில்லை?

ரோலர் தன் வேலை நேரத்தில் ஏறக்குறைய பாதியை ரிவர்ஸில் கழிக்கிறது. சாலையில் ஓடும் சாதாரண வண்டிகள் இப்படி ஓடுவதில்லை. ஓட்டுநரின் கண் பெரும்பாலும் டிரம்மின் ஓரத்தில்தான் இருக்கும், ஏனென்றால் போன ஓட்டத்தின் கோட்டை ஒட்டி ஓட்ட வேண்டும். டிரம்முக்கு மிக அருகில், என்ஜின் மூடிக்குப் பின்னால் எல்லாம் இருக்கையிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. உட்கார்ந்து வேலை செய்பவர் சுத்தமாக மறைந்துவிடுவார். ரிவர்ஸ் ஹாரன் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தால், ஒரு மணி நேரத்துக்குப் பிறகு யார் காதிலும் அது விழாது. அதனால் ஹாரனை மட்டும் நம்பக்கூடாது. ரோலர் ஓடும் பட்டையைக் கயிறோ கூம்போ வைத்துப் பிரித்துவிட வேண்டும். ஓட்டுநரின் கண்ணைப் பார்த்து அவர் கைகாட்டாமல் யாரும் உள்ளே போகக்கூடாது.

மதிய இடைவேளை தனியாகக் கவனிக்க வேண்டிய நேரம். நின்றிருக்கும் ரோலர் நல்ல நிழல் தரும். டிரம்முக்கு முன்னால் துண்டை விரித்துப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவருக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் வண்டியை ஒரு முழுச் சுற்று சுற்றி, குனிந்து பார்த்துவிட்டு ஏறுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நடு மூட்டுக்குப் பக்கத்தில், என்ஜின் ஓடும்போது யாரும் நிற்கக்கூடாது. ஸ்டியரிங் லேசாகத் திரும்பினாலே அந்த இடைவெளி மூடிக்கொள்ளும்.

## பராமரிப்பு: எதைப் பார்ப்பது?

ரோலரின் வயதை மணிக் கணக்கில் சொல்வார்கள். 10 மணி நேரம் ஓடியதும் ஒருமுறை, அதாவது தினமும். பிறகு 50, 250, 500, 1000, 2000 மணி என்று பணிகள் அடுக்கப்பட்டிருக்கும். எந்த ஆயிலை எந்த மணியில் மாற்றுவது என்பதை அந்தந்த மாடலின் கையேடுதான் முடிவு செய்யும். பக்கத்து வண்டியைப் பார்த்துச் செய்யக்கூடாது.

காலையில் முதலில் பார்க்க வேண்டியது தரையை. இரவு நின்ற இடத்தில் புதிய ஆயில் கறை இருந்தால், மேலே எங்கிருந்து சொட்டுகிறது என்று தேட வேண்டும். தேடும்போது ஹோஸைக் கையால் தடவக்கூடாது. ஹைட்ராலிக் அழுத்தம் 300, 400 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை போகும். டயர் காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்கு என்று சொல்லலாம். ஊசித் துளை வழியே பீறிடும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும், விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரலாம். எனவே ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும். யாருக்காவது தோலில் ஆயில் ஏறிவிட்டால், வலிக்கவில்லை என்றாலும் உடனே மருத்துவமனைக்குப் போய் "அழுத்தத்தில் ஆயில் உள்ளே போயிருக்கிறது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அடுத்து ரப்பர் மவுண்ட்கள். டிரம்மின் அதிர்வு வண்டியின் உடலுக்கும் ஓட்டுநருக்கும் வராமல் தாங்குவது இவைதான். டிரம்மின் இரு பக்கமும் வட்டமாகப் பொருத்தியிருக்கும். ஒரு பக்கத்து ரப்பர்களில் கால் பங்குக்கு மேல், 10 முதல் 15 மில்லிமீட்டருக்கும் ஆழமான வெடிப்பு இருந்தால் அனைத்தையும் மாற்றச் சொல்கிறது ஒரு பிரபல உற்பத்தியாளரின் கையேடு. கிழிந்ததை மட்டும் மாற்றினால் புதிய ரப்பர் விறைப்பாகவும் பழையது தளர்வாகவும் இருந்து எடை ஒரு பக்கமாக விழும்.

அதிர்வுத் தண்டின் பேரிங்குகள் விலை உயர்ந்தவை. அவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் ஓட்டும் முறைதான். கான்கிரீட், பாறை, ஏற்கெனவே முழுதாக இறுகிய தரை இவற்றின் மேல் அதிர்வைப் போட்டால், அடிக்கும் விசையைத் தரை ஏற்காமல் திருப்பி அனுப்பும். டிரம் துள்ள ஆரம்பிக்கும். ஜல்லி உடையும், பேரிங் அடி வாங்கும். துள்ளல் தெரிந்தால் அதிர்வை நிறுத்த வேண்டும், இறுகும் வேலை முடிந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். வண்டி நிற்பதற்கு முன் அதிர்வை நிறுத்துவதும், நகர்ந்த பின்பே போடுவதும் பழக்கமாக வேண்டும். பாலத்தின் மேலும், பழைய கட்டடங்களையும் ஆழமில்லாமல் புதைத்த குழாய்களையும் ஒட்டியும் அதிர்வு வேண்டாம்.

தார் வேலையில் டிரம்மில் தார் ஒட்டாமலிருக்கத் தண்ணீர் தெளிப்பான் இருக்கிறது. முனைகள் அடைத்துக்கொண்டால் டீசலைத் துணியில் நனைத்துத் தடவுவார்கள். டீசல் தாரைக் கரைத்துவிடும், சூடான பரப்பில் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. முனையையும் தண்ணீர் ஃபில்டரையும் சுத்தம் செய்வதே வழி.

வண்டிக்கு அடியிலோ மூட்டுக்கு அருகிலோ வேலை செய்யும்போது இந்த வரிசை மாறக்கூடாது:

1. சமதரையில் நிறுத்தி பார்க்கிங் பிரேக் போடுவது.
2. டிரம்முக்கும் டயருக்கும் இரு பக்கமும் கட்டை வைப்பது.
3. வண்டி நடுவில் மடங்காமல் பிடிக்கும் மூட்டுப் பூட்டைப் போடுவது.
4. என்ஜினை அணைத்துச் சாவியை, வேலை செய்பவர் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது. சாவி வண்டியிலேயே தொங்கினால் அது பாதுகாப்பு ஆகாது.
5. பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுவது. மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுவது.

## டிரெய்லரில் ஏற்றும்போது

இரும்பு டிரம் இரும்புச் சாய்தளத்தில் ஏறும்போது பிடிமானம் இல்லாத இரண்டு பரப்புகள் சந்திக்கின்றன. சேறோ தண்ணீரோ இருந்தால் வண்டி பக்கவாட்டில் வழுக்கி விழும். சாய்தளத்தைத் துடைத்து, ரப்பர் விரிப்பு அல்லது மரப்பலகை போட வேண்டும். அதிர்வு இல்லாமல், மிக மெதுவாக, ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராக ஏற்ற வேண்டும். வழிகாட்டுபவர் தூரத்தில் முன்னால் நிற்கலாம், பக்கத்தில் நிற்கக்கூடாது. ஏறிய பின் பிரேக், மூட்டுப் பூட்டு, கட்டை, சங்கிலி. இறக்கும் முன் மூட்டுப் பூட்டை எடுத்தாயிற்றா என்று பார்க்க வேண்டும். எடுக்காவிட்டால் சாய்தளத்தின் நடுவில் ஸ்டியரிங் திரும்பாது.

## பழுதாகி நின்ற ரோலரை இழுப்பது

என்ஜின் ஓடாவிட்டால் ஸ்பிரிங் பிரேக் பிடித்தபடியே இருக்கும். ஹைட்ராலிக் ஆயில் ஓடும் பாதையும் பூட்டிய நிலையில் நிற்கும். அப்படியே இழுத்தால் மோட்டார் கெடும். எனவே பிரேக் திருகாணிகளை முறுக்கி அதை விடுவித்து, ஆயில் தடையில்லாமல் ஓட வழிவிடும், பம்பில் உள்ள பைபாஸ் வால்வைத் திறக்க வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து வண்டிக்கு எந்தப் பிரேக்கும் கிடையாது.

அதனால் திருகாணியைத் தொடும் முன்பே கட்டை வைத்தாக வேண்டும், இழுக்கும் வண்டியையும் இணைத்துவிட வேண்டும். கயிறோ சங்கிலியோ இழுக்க மட்டுமே உதவும், பின்னால் உருண்டு வருவதைத் தடுக்காது. ஆகவே விறைப்பான இழுவைத் தண்டு தேவை. சில கையேடுகள் மணிக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் வேகமும் 300 மீட்டருக்கு மேல் தூரமும் கூடாது என்கின்றன. அதற்கு மேல் போக வேண்டுமானால் டிரெய்லர்தான். வேலை முடிந்ததும், கட்டையை எடுக்கும் முன்பே, எத்தனை திருகாணிகள் திறக்கப்பட்டனவோ அத்தனையையும் எண்ணிப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பைபாஸ் வால்வை மூட வேண்டும். பழுது சரியான பின் முதலில் செய்ய வேண்டியது, ஆளில்லாத சமதரையில் மேலே சொன்ன பிரேக் சோதனை.